சிட்டு பேசுவதற்கு முன் வரும் சத்தம்

ஃபிரிட்ஜ் நின்ற பிறகு வரவேண்டிய சத்தம் அன்று காலை வரவில்லை.

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஃபிரிட்ஜ் எப்போது நிற்கும் என்று விடிந்தும் விடியாததுமாகச் சமையலறையில் காத்துக்கொண்டு நிற்கிற ஆள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? பீப் சார் ஒருவர் இருந்தார். மோட்டார் தன் முனகலை நிறுத்தும்; பெட்டி முழுவதும் ஒரு தடவை உடம்பை உதறிக்கொள்ளும்; மேலே வைத்திருக்கும் கண்ணாடிக் குப்பிகள் லேசாக நடுங்கி அடங்கும்; அப்புறம் மூன்று நொடி ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததன் கடைசியில், பின்பக்கத்துக் குழாய் வளைவில் எங்கோ, சொட்டு விழுந்த மாதிரியும் இல்லாமல் நகத்தால் சுண்டிய மாதிரியும் இல்லாமல் ஒரு ‘டிணுக்’. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் பல் துலக்கப் போவார். ஒன்பது வருஷப் பழக்கம்.

அன்று மோட்டார் நின்றது. குப்பிகள் அடங்கின. மூன்று நொடி ஆனது. பத்து நொடியும் ஆனது. அவர் ஃபிரிட்ஜின் பின்னால் கைவிட்டு அந்தக் குழாயைத் தொட்டுக்கொண்டு அடுத்த தடவை அது ஓடி நிற்கும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நின்றது. உள்ளங்கையில் அந்தச் சின்ன அதிர்வு தெளிவாகத் தட்டியது. காதில் ஒன்றும் விழவில்லை.

"டிணுக்குன்னு கேட்டுச்சாடா சிட்டு?"

ஏழு வயது சிட்டு பாலில் ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தாள். "கேட்டுச்சே. எப்பவும் போலத்தான்."

"அப்பாவுக்குக் காது போச்சு," என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தாள். "ஊரார் காதையெல்லாம் பாக்கறவருக்கே போச்சு."

அவர் வேலை அதுதான். காது மூக்குத் தொண்டை மருத்துவமனை ஒன்றில் செவிப் பரிசோதகர். கூண்டு என்று எல்லோரும் சொல்லும் சத்தம் புகாத சின்ன அறைக்குள் நோயாளியை உட்கார வைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு ‘பீப்’ ‘பீப்’ என்று சத்தம் அனுப்புவார். கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். இருபது வருஷமாக இதையே செய்ததில் பெயர் போய் பீப் சார் என்பது நிலைத்துவிட்டது. ஒரு தடவை சம்பளக் கவரிலேயே அப்படி எழுதி வந்தது.

சத்தங்களின் மேல் அவருக்கு இருந்த ஆசையைப் பற்றி யாரிடமும் பேச முடிந்ததில்லை என்பதுதான் அவருடைய ஒரே குறை. பாட்டுக் கேட்கிறவனுக்கு ஊர் முழுவதும் கூட்டாளி கிடைப்பான். கெட்டிலை அணைத்த பிறகு அதன் அடிவயிறு ஆறும்போது வருகிற சத்தம் பிடிக்கும் என்று சொல்கிறவனுக்கு யார் கிடைப்பார்கள்? மனைவியிடம் சொன்னால், "பக்கத்து வீட்டு மாமிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்பாள். சக ஊழியர்கள் வாய் பிளந்து கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சிரிப்பார்கள். ஆசைப்பட்டதைச் சொல்லக் காது கிடைக்காத கஷ்டம் எத்தனை பெரியது என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பெண் பரிசோதனைக்கு வந்தாள். பஸ் ஓட்டுநர். சீருடையோடு வந்திருந்தாள். வரைபடத்தில் ஒரு புள்ளிகூடக் கீழே இறங்கவில்லை; குழந்தையின் காது மாதிரி சுத்தமான காது.

"எல்லாம் நல்லா கேக்குது சார். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கல," என்றாள். என்ன என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்குப் பிடிச்ச சத்தம் எது சார்? வேற யாருக்கும் தெரியாத மாதிரி?" என்றாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அரைமணி நேரம் பேசினார். வெளியே நோயாளிகள் வரிசையில் முனகினார்கள். அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, போகும்போது கைப்பேசியில் ஒரு குழுவின் முகவரியை அனுப்பினாள். அனுப்பிய பிறகு ஏனோ அவர் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

அந்தக் குழுவைப் பார்த்தபோது பீப் சாருக்குக் கண் கலங்கியது. ஒரு பழைய ரயில் கால அட்டவணையின் அறுபதாம் பக்கத்தில் இருந்த அச்சுப்பிழையை நேசிக்கிற ஒருவர். எப்போதோ மூடிப்போன தையல்கடைப் பெட்டியின் உள்வாசனையைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்த ஒருத்தி. யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. ஒருவர் தன்னுடையதைப் பகிர்ந்ததும் பொறுப்பாளர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: ‘இது வேறு யாருக்காவது தெரியுமா?’ இல்லை என்று பதில் வந்ததும் நூற்றுச்சொச்சம் பேரும் ஒருவர் கீழ் ஒருவராக ஒரே வார்த்தை எழுதுவார்கள். ‘வாங்கிக்கொண்டோம்.’

அதில் உள்ள மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டு மாதம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவர், சனிக்கிழமை ராத்திரி, கூண்டின் கனத்த கதவு மூடும்போது ரப்பர் விளிம்பு காற்றை விழுங்குகிற சத்தத்தை முதலில் கொடுத்தார். கையோடு ஃபிரிட்ஜின் டிணுக்கை. ‘வாங்கிக்கொண்டோம்’, ‘வாங்கிக்கொண்டோம்’ என்று திரை நிரம்பி வழிந்ததைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

ஃபிரிட்ஜ் ஏமாற்றிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கெட்டிலின் முறை. சமையலறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, நல்ல மைக்கை வைத்து ஆறு நிமிஷம் பதிவு செய்து அனுப்பினார். வழக்கமான கேள்வி வரவில்லை. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு பொறுப்பாளர் எழுதினார்: ‘பாத்திரம் ஆறும் சத்தம் எங்களிடம் இருக்கிறது. நான்காவது நிமிஷத்தில், பின்னால், ஒன்று கேட்கிறதே. அது என்ன?’

அவர் நான்காவது நிமிஷத்தைப் போட்டுக் கேட்டார். கதவுக்கு அப்பால் சிட்டு யாரிடமோ பேச வாயெடுத்திருக்கிறாள். பேச்சு சரியாகப் பதிவாகவில்லை. பேச்சுக்கு முன் வருவது மட்டும் பதிவாகியிருந்தது. நாக்கு மேலண்ணத்தைவிட்டுப் பிரிகிற ஒரு சின்ன ‘த்க்’. அதற்குப் பின்னாலேயே குட்டியாக ஒரு மூச்சு.

அடடா, இதைக் கண்டுபிடித்துவிட்டார்களே என்று அவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. நல்ல ரசிகன் கிடைத்துவிட்டால் கலைஞனுக்கு வருகிற அசட்டுத்தனம் அவருக்கும் வந்தது. கை பரபரவென்று தட்டச்சு செய்தது: அது என் மகள். எது பேசுவதற்கு முன்பும் அவளிடம் இந்தச் சத்தம் வரும். பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து கேட்டுவருகிறேன். இருட்டிலும் இதை வைத்தே அவளைக் கண்டுபிடித்துவிடுவேன்.

‘இது வேறு யாருக்காவது தெரியுமா?’

‘அவள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது,’ என்று பெருமையாக எழுதினார்.

‘வாங்கிக்கொண்டோம்.’ ‘வாங்கிக்கொண்டோம்.’ ‘வாங்கிக்கொண்டோம்.’ அன்று அது முக்கால் மணி நேரம் வந்துகொண்டே இருந்தது. குழுவில் இருந்தவர்களைவிட அதிகமான பேர் எழுதியது போலிருந்தது. அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் மருத்துவமனையில் முதல் நோயாளியைக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் கதவை மூடினார். கதவு மூடிக்கொண்டது. காற்றை விழுங்கவில்லை. திறந்து மறுபடி மூடினார். மறுபடி. உள்ளே இருந்த கிழவர் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார்.

"ரப்பர் தேஞ்சு போச்சா?" என்று வரவேற்புப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நல்லாத்தானே சார் மூடுது? புஸ்ஸுன்னு சத்தம் வருதே."

மதியம் தானே கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, ஜூனியரை விட்டுத் தன் காதைச் சோதிக்கச் சொன்னார். எட்டு அலைவரிசை. இரண்டு காது. அத்தனையும் சரி. நாற்பத்தாறு வயதுக்கு இப்படி ஒரு காதா என்று ஜூனியர் பாராட்டினான். குழுவுக்குக் கொடுத்தது மூன்றே மூன்று சத்தம். கதவு, ஃபிரிட்ஜ்…

அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுக்கக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினார்.

சிட்டு பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். "ஏதாவது பேசுடா செல்லம்."

"என்ன பேசணும்?" என்றாள்.

அவள் குரல் கேட்டது. கேட்டுவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு, இன்னும் பேசு, இன்னும் பேசு என்றார். அவள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி மூக்கில் பென்சிலை விட்டுக்கொண்ட கதையைச் சொன்னாள். அந்தக் கதை முடிவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. த்க் இல்லை. மூச்சு இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. துணி ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்து யாரோ இழுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

புதன்கிழமை முதல் வார்த்தைகள் போயின. ‘அப்பா’ என்று அவள் கூப்பிடுவது போய், அதற்குப் பின்னால் வருவது மட்டும் கேட்டது. வியாழக்கிழமை வாக்கியத்தின் வால் மட்டும். "…தரீங்களா?" "…பிடிக்கல." வெள்ளிக்கிழமை காலை அவள் வாய் அசைந்தது, அவ்வளவுதான். அவள் போட்ட கரண்டி தரையில் விழுந்து தெறித்தது கேட்டது. அவள் ஓடியபோது செருப்பு அடித்துக்கொண்டது கேட்டது. தும்மினாள். தும்மல் கேட்கவில்லை.

"குழந்தை எத்தனை தடவை கூப்பிடுது, திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறீங்களே, என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று மனைவி சத்தம் போட்டாள். அது தெளிவாகக் கேட்டது.

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் கணக்கு டீச்சர். எதையும் வரிசையாகக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பாள். கேட்டு முடித்து, அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"உங்க ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாவைப் பாருங்க. காதுக்கு இல்ல. மனசுக்கு நல்ல டாக்டரா ஒருத்தரைச் சொல்லச் சொல்லி."

அவர் உதட்டைப் பார்த்துப் பேச்சை ஊகிக்கப் பழகியவர்தான். ஆனால் உதட்டில் ‘அப்பா’வும் ‘அம்மா’வும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிட்டு கூப்பிடுவது தன்னையா மனைவியையா என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடினார். சொல்லைச் சோதிக்கும்போது நோயாளி உதட்டைப் பார்த்துவிடக் கூடாது என்று பரிசோதகர்கள் வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு சொல்வார்கள். அதை எப்போதோ சிட்டுவுக்கு விளையாட்டாகக் காட்டியிருந்தார். இப்போது அப்பா உதட்டையே உற்றுப் பார்ப்பதைக் கண்ட அவள், ஓகோ, அந்த விளையாட்டு என்று நினைத்து நோட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டாள். மேலே இரண்டு கண்கள் மட்டும் சிரித்தன. புத்தகத்துக்குப் பின்னால் அவள் ஏதோ சொன்னாள். நிறைய சொன்னாள்.

"எடு சிட்டு. எடுடா. அப்பா கெஞ்சறேன்ல."

அவள் தலையை ஆட்டிவிட்டு இன்னும் பேசினாள். அவர் புத்தகத்தைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். அதற்கு முன் அவர் அவளிடம் கையை ஓங்கியதுகூட இல்லை. அவள் முகம் கோணி, வாய் அகலத் திறந்து, கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. வீடு அமைதியாக இருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த புதன்கிழமை காலை மருத்துவமனைக் கோப்பில் தேடி அந்தப் பஸ் ஓட்டும் பெண்ணின் எண்ணை எடுத்தார். நான்காவது தடவைதான் எடுத்தாள்.

"உங்களுக்கு என்ன போச்சு?" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல்.

"என் தம்பி. மாடி ஏறி வரும்போது ஒரு விசில் அடிப்பான், ரெண்டே ரெண்டு சுரம். எனக்கு மட்டும்தான் தெரியும்னு எழுதிட்டேன். இப்ப அவன் எதிர்ல நின்னு பேசினாலும் எனக்கு ஊமைப் படம்தான்."

"தெரிஞ்சுமா என்னை அனுப்பினீங்க?"

"இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வந்தா திருப்பித் தந்துடறோம்னாங்க சார்." அவள் அழுவது கேட்டது. "தரல. இன்னும் ஒரு ஆள்னாங்க. அதையும் செஞ்சேன். அப்பவும் தரல. என்னைத் திட்டுங்க சார், திட்டிட்டு வெச்சுடுங்க."

அவருக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. அன்று பதினோரு மணிக்கு ஒரு நோயாளி, மரவேலை செய்கிறவர், கூண்டுக்குள் உட்கார்ந்து ஹெட்ஃபோனுக்காகக் காத்திருந்தபோது, பீப் சாரின் வாய் தானாகவே கேட்டது: "உங்களுக்குப் பிடிச்ச சத்தம் எது? வேற யாருக்கும் தெரியாதது?" அந்த மனிதரின் முகம் விளக்குப் போட்டது போல மலர்ந்தது. "அட, இதையெல்லாம் யாரு சார் கேக்கறாங்க! பலகையை இழைக்க இழைப்புளி போடும்போது பாருங்க…" என்று ஆரம்பித்தார். பீப் சாரின் கை சட்டைப் பையில் இருந்த கைப்பேசிக்குப் போய்விட்டது. அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வேண்டாம், சொல்லாதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்று கத்திவிட்டு வெளியே ஓடிக் கழிவறையில் போய் நின்றார்.

அங்கிருந்துதான் குழுவுக்கு எழுதினார். என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், என் காது இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவளை மட்டும் விட்டுவிடுங்கள். அப்படியே பதினேழு தடவை எழுதினார். பதினேழுக்கும் பதில் இல்லை.

பதினெட்டாவதற்கு வந்தது. ‘வாங்கியதைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை. கொடுத்தவர் விரும்பினால் கேட்கலாம்.’ கீழே ஓர் ஒலிப்பதிவு. எத்தனை நிமிஷம் என்று போடவேண்டிய இடத்தில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

மதிய இடைவேளை. வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தன. வரவேற்புப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். எங்கோ கிருமிநாசினி தெளித்துத் துடைத்த ஈர வாசனை. அவர் கூண்டுக்குள் போய்ச் சத்தமில்லாமல் மூடுகிற அந்தக் கதவை மூடிக்கொண்டார். கைப்பேசியை ஹெட்ஃபோனில் இணைத்தார். கூண்டுக்குள் வெளியுலகம் கிடையாது. தன் ரத்தம் ஓடுவது கேட்கும், கழுத்தைத் திருப்பினால் எலும்பு உரசுவது கேட்கும். தொட்டார்.

முதலில் ஓர் இடத்தின் சத்தம். பெரிய இடம். கூரை உயரமாக இருக்க வேண்டும். வெகுதூரத்தில் ஓர் ஆண் இரண்டு சுரத்தில் விசில் அடித்தான். நிறுத்தினான். அதே இரண்டு சுரத்தை அடித்தான். அதையேதான் அடித்துக்கொண்டிருந்தான். அதற்கு இந்தப் பக்கம், பரிச்சயமான ஒரு டிணுக். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

த்க். மூச்சு.

"அப்பா?"

"சிட்டு!" என்று கத்திவிட்டார். பதிவுக்கு யாராவது பதில் சொல்வார்களா? சொன்னார்.

"…இன்னைக்கு எங்க டீச்சர் வரல. வேற டீச்சர் வந்தாங்க. அவங்க என் ஓவியத்தைப் பாத்துட்டு…"

அவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிட்டு நின்றுகொண்டிருந்தாள். பள்ளிச் சீருடை, முதுகில் பை. பின்னால் மனைவி; டாக்டர் அம்மா வரச்சொல்லியிருப்பார். சிட்டு கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். அவள் உதடும் காதில் வந்த குரலும் இம்மி பிசகாமல் ஒன்றாகப் போயின. ஓவியம். பச்சை வண்ணம். பக்கத்துப் பெஞ்சுக்காரி.

ஐந்து நாளுக்குப் பிறகு அவள் குரல். அவர் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதார். போதும். இப்படியே போதும். ஆயுசுக்கும் தலையில் இதை மாட்டிக்கொண்டே திரிகிறேன். பைத்தியம் என்று சொல்லட்டும்.

சிட்டு பேசி முடித்தாள். உதட்டை மூடிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

த்க். மூச்சு.

"அப்பா, நான் இன்னும் எத்தனை தடவை சொல்லணும்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடு மூடியிருந்தது.

"சொன்னதையே சொல்லச் சொல்றாங்க. தொண்டை வலிக்குதுப்பா."

அவர் மூச்சை நிறுத்தினார். அப்போதுதான் கேட்டது. அவளைச் சுற்றி மூச்சுகள். நிறைய. பொறுமையான மூச்சுகள். ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தன. நல்ல ரசிகர்கள் கேட்பது போல. ஒன்று மைக்குக்கு மிக அருகில்.

"முன்னாடி வர்ற அது மட்டும் போதுமாம். பேச வேண்டாமாம். அது மட்டும்." த்க். "அப்பா." த்க். "அப்பா, இங்க இருட்டா" த்க். த்க். த்க்.

"சிட்டு, அப்பா இங்கதான் இருக்கேன்."

"கழட்டிடாதீங்க. நீங்க கேக்கறப்ப கிட்ட வர மாட்டேங்கறாங்க. கழட்டிடாதீங்கப்பா."

வெளியே சிட்டு கையாட்டினாள். கண்ணாடியில் ஆவி ஊதி அதில் விரலால் ஒரு வட்டம் போட்டாள்.

கதவு திறந்தது. மனைவி. "என்னங்க இது, இப்படி உக்காந்து அழுதுட்டு. குழந்தை பயப்படறா பாருங்க." கையை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். வேண்டாம். வேண்டாம். வேண்டாம் என்று அவர் கத்துவது ஹெட்ஃபோனுக்குள் அவருக்கே கேட்கவில்லை. சிட்டு ஓடிவந்து மடியில் ஏறினாள்; கனத்த கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. அதே எடை. அதே சோப்பு வாசனை. அவர் மணிக்கட்டைப் பிடித்து அவளும் இழுத்தாள். அம்மாவும் மகளும் சேர்ந்து பிடுங்கிவிட்டார்கள்.

சிட்டு அவர் காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னாள். சூடான மூச்சு பட்டது. வேறொன்றும் இல்லை.

மனைவியின் கையில் ஹெட்ஃபோன் தொங்கியது. அதிலிருந்து கசிந்தது, கொசு ரீங்காரம் அளவுக்கு, ஆனால் சத்தம் புகாத அறையில் அது போதும். அவள் கை நின்றது. எதையும் வரிசையாகக் கேட்கிறவள் அதை மெதுவாகத் தூக்கித் தன் காதில் வைத்தாள்.

ஒரு குழந்தை அலறுகிறது. அம்மா அம்மா அம்மா என்று. அது எந்தக் குழந்தை என்று பெற்றவளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மடியில் இருந்த சிட்டு அலறவில்லை. வாயை மூடிக்கொண்டு, ஹெட்ஃபோனை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி மடியைப் பார்த்தாள். அங்கே அலறுவது சிட்டு என்றால் இது யார்? ஒரு அடி பின்னால் வைத்தாள். முதுகு கதவில் இடித்தது.

பீப் சார் எழுந்தார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. சிட்டு மடியிலிருந்து வழுக்கித் தரையில் நின்றாள். அவர் கூண்டின் மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

சிட்டு அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அவள் முகம் கோணத் தொடங்கியது. தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.

யாரும் தூக்கவில்லை.